கேட் பூட்டை உடைச்ச வாரம்

ஜூன் 9, திங்கள்

காலையிலயே அனல். சுண்ணாம்புத் தொட்டி ரெண்டு கழுவணும்.

கூட வேலை செய்யற செல்விக்கு நிறைமாசம். விடியறப்பவே இடுப்பு வலி. தோல் டேனரி கேட் பூட்டிக் கெடக்கு. சாவி மேஸ்திரிகிட்ட. மேஸ்திரியா இருக்கறது என் வீட்டுக்காரரு. போய்க் கேட்டேன்.

"மொதலாளி ஆம்பூர் போயிருக்காரு. முன்பணம் தீராம எவளும் வெளிய போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"அவ செத்துடுவா."

"நீ போய் தொட்டியப் பாரு."

பத்து மணிக்கு ஈரத்தோல் கொட்டற ஷெட்டுலயே பொறந்துச்சு. பொண்ணு. அழவே இல்ல.

மத்தியானம் தொட்டி கழுவினேன். ரெண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

குழந்தைய காம்பவுண்டுக்குள்ளயே பொதைக்கச் சொன்னாங்க மொதலாளி ஆளுங்க. செல்வி புருஷன் மாரி மண்வெட்டிய எடுத்துட்டான். வேணாம்டா, வெளிய எடுத்துட்டுப் போலாம்னேன்.

"எப்படிக்கா?"

தோல் உருட்டற டிரம் ஷெட்டுல கடப்பாரை கெடந்துச்சு. எடுத்து மூணு தடவ அடிச்சேன். பூட்டு விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா உள்ள அடைஞ்சு கெடந்த பதினோரு குடும்பமும் பின்னாடி. நான் யாரையும் கூப்பிடல.

என் வீட்டுக்காரரு குறுக்க வந்து நின்னாரு. என் கையில கடப்பாரை. ஒதுங்கிட்டாரு.

கேட்டுக்கு எதிர் வீட்டு ரஹமத் பீ கதவத் தெறந்தாங்க. "உள்ள வாங்கம்மா. இன்னா கோலம் இது, யா அல்லா!" தண்ணி, டீ. வேலூர் ஆஸ்பத்திரிக்கு செல்விய ஆட்டோல ஏத்தினதும் அவங்கதான். குழந்தைய ஏரிக்கரையில பொதைச்சோம்.

அழுகை வரல. கை மட்டும் எரியுது.

ஜூன் 12, வியாழன்

சேதி தெரிஞ்சு ஆபீசருங்க எங்கள சமுதாயக் கூடத்துல தங்க வச்சிருக்காங்க. புழுக்கம். ஃபேன் ரெண்டுல ஒண்ணு ஓடல. தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து லெமன் சாதப் பொட்டலம். ஊறுகாய் ஜாஸ்தி, சாதம் கம்மி.

பேப்பர்காரர் ஒருத்தர்: "நீங்கதான் தலைவியா? எத்தன நாளா பிளான் பண்ணீங்க?"

தொட்டி கழுவற பொம்பளன்னேன். அத எழுதிக்கல.

கூட வேலை செஞ்ச அம்சா: "அக்கா கூப்ட்டா எங்க வேணா வருவோம்."

எங்க போறதுன்னு எனக்கே தெரியல.

வாங்கணும்: சோப்பு. சீப்பு. செல்விக்கு நைட்டி ரெண்டு.

ஜூன் 13, வெள்ளி

மழை. செல்வி பொழச்சுக்கிட்டாளாம், மாரி போன்.

வீட்டுக்காரரு வந்தாரு. நனைஞ்சு வாசல்லயே நின்னாரு.

"எல்லாரும் திரும்பிட்டா மொதலாளி ஒண்ணும் பண்ண மாட்டாராம். நீ சொன்னா கேப்பாங்க."

"கேப்பாங்க."

"அப்ப சொல்லேன்."

"அன்னிக்கு சாவி எங்க இருந்துச்சு?"

"சட்டைப் பாக்கெட்டுல."

சாப்ட்டீங்களான்னேன். இல்லன்னாரு. ஒரு பொட்டலம் குடுத்தேன். நின்னுக்கிட்டே தின்னுட்டுப் போய்ட்டாரு.

ஜூன் 14, சனி

சப்-கலெக்டர் ஆபீஸ். பெஞ்சுல ரெண்டு மணி நேரம். கொத்தடிமை விடுதலைச் சான்று எல்லாருக்கும் உண்டாம். அதுக்கு முன்னாடி வாக்குமூலம். என்னைத்தான் முதல்ல கூப்ட்டாங்க.

"கேட்டப் பூட்டி வச்சது யாரும்மா?" சப்-கலெக்டர் மேடம் கேட்டாங்க.

"மொதலாளி சொன்னாரு. பூட்டினது மேஸ்திரி."

"மேஸ்திரி பேரு?"

அம்சா தரையப் பாத்தா. கல்யாணமாகி பதினாலு வருஷம். ரேஷன் கடையில கூட கார்டத்தான் நீட்டுவேன், அவரு பேர வாயால சொன்னதில்ல.

"கோவிந்தசாமி."

"உங்களுக்கு என்ன வேணும் அவரு?"

சொன்னேன். டைப் அடிச்சிட்டிருந்தவர் கை நின்னுச்சு. அப்புறம் மறுபடியும் அடிச்சாரு.

கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்.