முள்ளில்லை என்று நீ கொடுத்த சொல்

தோஸ்து,

இன்று காலை கிடங்கில் கருவாட்டு மூட்டையைப் பிரித்ததும் திருக்கை முள் ஒன்று கண்ணில் பட்டது. விரல் நீளம், இரு பக்கமும் ரம்பப் பல். ஓடி வந்து உன்னிடம் காட்டவேண்டும் போலிருந்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

மீன் சோற்றில் அகப்படும் எலும்பும் முள்தான். ஆனால் திருவொற்றியூர்க் கரையில் வலை பிரிக்கும்போது “முள்ளு கீது” என்று ஒரு குரல் எழுந்தால், அது திருக்கை வாலில் இருக்கும் விஷ முள். அத்தனை காலும் நின்றுவிடும். அதை வெட்டி எறிந்தபின் “முள்ளில்லே” என்பார்கள். அப்புறம் பார்க்காமலே கையை விடலாம். அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்பதில்லை.

நான் கொழும்புக்கு அனுப்பிய முதல் சரக்குக்குக் கருவாடு போட்டு, அந்தச் சொல்லையும் கொடுத்தவன் நீ. துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவர் முதுகில், சாக்கைத் துளைத்துக்கொண்டு முள் ஏறியது. அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் கை கட்டி நின்றார்கள். கப்பல் புறப்பட இருந்தது.

“இன்னா நைனா, கருவாடா கத்தியா?” என்றார் மேஸ்திரி.

நீ தோள் துண்டை எறிந்தாய். “நான் முள்ளில்லேன்னு சொன்ன சரக்கு. ஒவ்வொண்ணா என் முதுகுல ஏத்து. குத்தினா கேளு.”

எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். மூட்டை குறைகிறதே என்று, முந்தின நாள் எண்ணூரில் ஆறு மூட்டை வாங்கி உன் சரக்கோடு சேர்த்திருந்தேன். முள் எடுத்தாயிற்றா என்று அங்கே நான் கேட்கவேயில்லை. வாயைத் திறந்தால் என் பெயர் போகும். திறக்காவிட்டால் உன் முதுகு.

இரண்டு மூட்டை ஏற்றிவிட்டாய். மூன்றாவதுக்குக் குனிந்தாய்.

“முள்ளு கீது” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் சரக்கைப் பார்த்து நானே.

நீ நிமிர்ந்தாய். எண்ணூர் மூட்டைகளைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

“மீனு வாங்கத் தெரியுது, ஒரு வார்த்தை கேக்கத் தெரியலியா? என் முதுகு இன்னா உங்க வூட்டுச் சாக்கா?” என்றாய்.

தையல் நூலின் நிறத்தை வைத்து எண்ணூர் மூட்டை ஆறையும் ஒதுக்கினேன். மேஸ்திரி ஆட்களிடம் திரும்பினார். “மீதியத் தூக்குங்கடா. முள்ளு இருந்தா தானே கத்துறவன் சரக்குதானே.”

கப்பல் நகர்ந்தபோது நீ என் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாய். வலித்தது. இருவரும் சிரித்தோம்.

இன்று காலையும் முள்ளைக் கண்டதும் கத்திவிட்டேன். கிடங்கே நின்றது. மூட்டையைக் கொட்டி, கடைசித் துண்டுவரை நானே துழாவிவிட்டு “முள்ளில்லே” என்றேன். அத்தனை பேரும் பார்க்காமலே கையை விட்டார்கள், தோஸ்து.