மதினியின் பித்தக்குழாய்

ஜூன் 9

நாச்சியார் மதினி கடைசியில் சம்மதித்துவிட்டாள். பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்து நாலு மாதம். ஆபரேஷன் மதுரையில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான்தான் விடவில்லை.

“எங்க டாக்டருக்குக் கைராசி மதினி. ஆபரேஷன் தியேட்டர்ல நானே பக்கத்துல நிப்பேன். மதுரையில போய் படுத்தா யாரு பாக்கது?”

“ஏட்டி, நீ இருக்கும்போது எனக்கு என்ன பயம், வாரேன்.”

என் வீட்டுக்காரரைத் தாய்க்குத் தாயாக வளர்த்த அக்கா. அவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஜூன் 12

ஆபரேஷன் முடிந்தது. ஒன்பது கல். உள்ளே ஒரே ஒட்டல். வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற கேமரா என் கையில் இருந்தது.

டாக்டர் கிளிப் போட்டு வெட்டிய குழாய் கொஞ்சம் தடிமனாகத் தெரிந்தது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், பித்தப்பைக் குழாய் அம்புட்டுத் தடிமன் இருக்காது. பிறகு ஈரல் ஓரத்தில் மஞ்சள் பச்சையாக ஊறியது. “பை கிழிஞ்ச தண்ணிதான், கழுவிரு” என்றார். கழுவினோம். மறுபடியும் ஊறியது, லேசாக.

சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் தியேட்டரில் கத்தி எடுத்த பிறகு அபசகுனமாக யாரும் வாய் திறப்பதில்லை. பஞ்சு தீர்ந்தால்கூட ‘நெறஞ்சிருக்கு சார்’ என்போம், வீட்டில் அரிசிக்குச் சொல்கிற மாதிரி. அப்படி இருப்பதால்தான் கைராசி நிற்கிறது என்று நானே புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒன்றும் இருக்காது. சும்மா மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறேன்.

ஜூன் 14

மதினியை அவள் ஊருக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவைத்தோம். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

ஜூன் 17

போன். “வயிறு கல்லு கணக்கா இருக்குட்டி. ஒரே குமட்டலு.”

“கேஸ்தான் மதினி, சுடுதண்ணி குடிங்க” என்றேன்.

நான் ஒரு நர்ஸ். எந்த வாயால் இதைச் சொன்னேன்?

ஜூன் 20

கண் இரண்டும் மஞ்சள். மதினி வீட்டுக்காரர் சோலைச்சாமி அண்ணன் ரெண்டு நாளாகக் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்திருக்கிறார். “ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கத்தினேன். “ஒங்கிட்டத்தானம்மா மொதல்ல சொன்னா” என்றார்.

ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கூட்டிப்போகிறோம்.

ஜூன் 22, மதுரை

வயிற்றில் டியூப் போட்டார்கள். இரண்டரை லிட்டர் பித்தம்.

இங்குள்ள டாக்டரம்மா விளக்கினார்: “ஈரல்ல இருந்து வர்ற பெரிய குழாயே வெட்டுப்பட்டிருக்கு. சீழ் வச்சிருக்கதால இப்ப தைக்க முடியாது. ரெண்டு மாசம் டியூபோட இருக்கணும். அப்புறம் குடலை மேல கொண்டுபோய் ஈரல் குழாயோட சேத்துத் தைக்கணும். அன்னைக்கே யாராவது கவனிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். 

ஜூலை 5

டிஸ்சார்ஜ் ஆகி மதினி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். டியூபில் பித்தம் வடிகிற பையைத் தினமும் நான்தான் காலி செய்கிறேன். “எம்புட்டு வந்துச்சுட்டி?” என்று மாடு கறந்த அளவு கேட்கிற மாதிரி கேட்கிறாள். இன்று முந்நூற்றைம்பது மில்லி. எட்டுக் கிலோ மெலிந்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 6

சொல்லிவிடணும்.

ஜூலை 11

சொல்லவில்லை.

ஜூலை 28

ஆடிப்பூரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். கல்யாணம் ஆன நாளிலிருந்து மதினி ஒரு தேரும் விட்டதில்லை. இந்த வருஷம் என் வீட்டுக் கட்டிலில் படுத்து டிவியில் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு இருளம்மாள் அக்கா பார்க்க வந்தாள். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ இல்லேன்னா என்னைய எப்பவோ தூக்கிப்போட்டு எரிச்சிருப்பாக” என்றாள். அதற்கு மேல் தாங்கவில்லை. அக்கா போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தடிமனான குழாய், ஊறிய பித்தம். இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்றையும் சொன்னேன் — ரெண்டாவது தடவை ஊறியதும், அது திரையில் தெரியாதபடி கேமராவை வேறு பக்கம் திருப்பியது நான்தான்.

மதினி டிவியை அணைக்கச் சொன்னாள். பொறவு கேட்டாள்:

“வாயத் தொறந்திருந்தா?”

“அன்னைக்கே டியூப் வச்சு மதுரைக்கு அனுப்பியிருப்பாக மதினி.”

“டாக்டரு வெட்டுனாரு, சரி, கை தவறுது. ஒனக்கு வாய் வரலை, அதுவும் சரி. கேமராவ எதுக்குட்டித் திருப்புன?”

பயம். என் ஆஸ்பத்திரி, என் டாக்டர், நான் கூட்டிவந்த ஆள். தப்பு நடந்தது என்று என் கண்ணாலேயே பார்க்கப் பயந்தேன். பாவி.

ஜூலை 29

மதினி அண்ணனை வரச்சொல்லிக் கிளம்பிவிட்டாள். பையை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 3

டாக்டரிடம் போய், “அன்னைக்குப் பித்தம் ஊறினதை நான் பாத்தேன் சார். மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கப் போறேன்” என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நானும் பாத்தேம்மா” என்றார்.

ஆகஸ்ட் 21

ஆறு மணி நேர ஆபரேஷன். குடலை இழுத்துத் தைத்தாயிற்று. என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து போன் செய்தார். என்னை வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பகல் முழுக்க நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நவம்பர் 16

மதினி நேற்று மதுரைக்குப் போய் ரத்தம் சோதித்து வந்தாளாம். காமாலை துளியும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாளாம், மாடு கறக்கவும் உட்காருகிறாளாம். என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தார். கேட்டதும் அழுதுவிட்டேன்.

“மாரிக்கனி பக்கத்துலதான் நிக்கா. பேசுதியாக்கா?” என்று என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.



“நீயே சொல்லிரு தம்பி. பாலு கறக்கப் போணும்.”

மணி பகல் ஒன்றுதான் ஆகியிருந்தது. நாலு மணிக்கு முன்னால் மதினி மாட்டு மடியில் கை வைக்க மாட்டாள்.