ஒன்றுகளின் நெடுவரிசை

மார்ச் 3, செவ்வாய்

குளிர்பதனக் கிடங்குக்கு மறுநாள் எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும் புரோகிராம் ஒருவழியாக ஓடிவிட்டது. வெளி வெப்பம், கதவு திறந்த தடவை, உள்ளே இருக்கும் சரக்கு என்று மூன்று நெடுவரிசை. எங்கள் மேனேஜர் மேடம் வந்து மூன்றிலும் பூஜ்யத்தைத் தட்டிப் பார்த்தார். விடையும் பூஜ்யம்!

"ஏம்மா, சரக்கு இல்லைன்னா மெஷின் லீவு போட்டுட்டுப் போயிடுமா?"

எது எப்படி இருந்தாலும் ஆகிற அடிப்படைச் செலவு ஒன்று உண்டே. அதற்காக எல்லா வரிசையிலும் 1 போட்டு ஒரு நெடுவரிசை நுழைக்க வேண்டும். இதைப் போய் மறப்பேனா? மகள் பிறந்தபின் வேலையை விட்டவள், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறேன். மூளை துருப்பிடித்துப் போச்சோ?

வெள்ளிக்கிழமை கிடங்குக்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மார்ச் 4, புதன்

ஒன்றுகளைச் சேர்க்க ரெடிமேடாகவே ஒரு கட்டளை இருக்கிறது. போட்டேன். போன வருடத் தரவு முழுவதையும் கொடுத்தேன். கச்சிதம்! வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினேன். "இன்னிக்கு நல்ல மூடுல இருக்கே போல" என்றார் இவர்.

மார்ச் 5, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

நாளைய ஒரு நாளுக்கான எண்களை மட்டும் கொடுத்தால் விழுந்துவிடுகிறது. நான்கு நெடுவரிசை வேண்டுமாம், மூன்றுதான் இருக்கிறதாம். நேத்து ஓடின அதே சனியன்! ஒன்றுகள் எங்கே போச்சு? மதியம் சாப்பிடக்கூட இல்லை. போனில் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். "பதறாதே, முதல்ல ஒரு வாய் சாப்பிடு" என்றார். சும்மா பஸ் ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும் என்று எரிச்சல்.

சாயங்காலம் மகள் மடியில் ஏறி, "கம்ப்யூட்டர் உன்கூட டூ விட்டுடுச்சாம்மா?" என்றாள். சிரித்துவிட்டேன். அவளை இறக்கிவிட்டு, கட்டளையின் விளக்கத்தை நிதானமாகப் படித்தேன்.

ஏதாவது ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண் இருந்தால், 'மாறாத நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒன்றுகளைச் சேர்க்காமலே அது பேசாமல் போய்விடுமாம். நான் கொடுத்ததோ ஒரே ஒரு வரிசை. மேலேது, கீழேது? எல்லாமே மாறாததுதான்! அடிப்பாவி!

கட்டளையைத் தூக்கிவிட்டு, ஒன்றுகளை நானே கையால் முதல் இடத்தில் நுழைத்தேன். ஓடியது.

மார்ச் 6, வெள்ளி

ஓடியது, ஓடியது, ஓடியது!

"திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துடும்மா, அடுத்த கிடங்கு காத்திருக்கு" என்றார் மேடம். அவ்வளவுதான். அதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 9, திங்கள்

இத்தனை நாள் பக்கத்து வீட்டு அக்கா தயவில் பள்ளிக்குப் போன மகள், இன்று அப்பாவோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். இவர் காலை டியூட்டியை மாலைக்கு மாற்றிக்கொண்டாராம். டிப்போவில் வியாழக்கிழமையே கேட்டாராம்.

வியாழனா? நான் போனில் அப்படிக் கத்தின அன்றைக்கா?

"அப்போ வேலை கிடைக்குமான்னே தெரியாதேங்க?"

"உனக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு மகளுக்குத் தலை வாரினார். பின்னல் ஒரு பக்கம் கோணிக்கொண்டு நின்றது. நான் சரிசெய்யப் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.