கையால் ஆட்டிய குடுவைகள்

2011 நவம்பர் 14, சிதம்பரம்

மறுபடியும் செத்துவிட்டன. கம்மாபுரம் பக்கத்துச் சுரங்க மண்மேட்டு ஓடையில் பிடித்து வந்த பாக்டீரியா. இரும்பைத் தின்று நன்றாகத்தான் வளர்கிறது. பழைய கம்ப்யூட்டர் போர்டை அரைத்துப் போட்டால் அடங்கிவிடுகிறது. அது பிழைத்தால்தான் தூளிலிருக்கும் செம்பு கரையும்.

என் ஆய்வு வழிகாட்டி புஷ்பவள்ளி மேடம் திட்டவில்லை. "மார்ச்சுக்குள்ள ஒண்ணும் வரலன்னா தலைப்ப மாத்திக்கலாம்மா" என்றார்.

"வரும் மேடம்" என்றேன். எந்தத் தைரியத்தில்?

நவம்பர் 20, கடலூர்

இளவரசு அண்ணன் கையில் புதுக் கட்டு. தன் காயலான் கடைக்குப் பின்னால் போர்டுகளை ஆசிட்டில் ஊறவைத்துச் செம்பு எடுக்கிறான். தெறித்துவிட்டதாம்.

"விட்டுத் தொலையேண்ணா."

"உன் பூச்சிங்க வந்து சோறு போடுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். விடமாட்டேன். இதை நான் விடமாட்டேன்.

டிசம்பர் 5

ஒரேயடியாகத் தூளைக் கொட்டியது என் தப்பு. முதலில் சிட்டிகை. பிழைத்தவற்றை எடுத்து அடுத்த குடுவையில், தூள் கொஞ்சம் கூடுதலாக. குழந்தைக்குக் காரம் பழக்குவதுபோல.

டிசம்பர் 26

பிழைத்திருக்கின்றன!

டிசம்பர் 30

தானே புயல். விடுதி ஜன்னல்கள் பெயர்ந்துவிட்டன. கரண்ட் இல்லை — அப்படியென்றால் குடுவைகளை ஆட்டும் மெஷினும் நின்றிருக்கும். காற்று கலக்காவிட்டால் அத்தனையும் போச்சு. வீட்டுக்கு லைனும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 31

விழுந்த மரங்களைத் தாண்டி லேபுக்குப் போனேன். குடுவைகளைக் கையாலேயே ஆட்டினேன். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. மதியம் மேடம் வந்தார். சேலையெல்லாம் சேறு. ஸ்டூலை இழுத்துப்போட்டு இரண்டு குடுவைகளை வாங்கிக்கொண்டார்.

"வீட்ல பேசினியா?"

"லைன் கிடைக்கல மேடம்."

"நான் ஆட்டுறேன். நீ போய் மறுபடி போன் போட்டுப் பாரு."

அழுகை வந்துவிட்டது.

2012 ஜனவரி 3

அண்ணனே பைக்கில் வந்து நின்றான். "கடைக் கூரைதான் போச்சு. நாங்கல்லாம் இருக்கோம்." கரண்ட் இன்னும் வரவில்லை. அப்புறம் அவனும் குடுவைகளை ஆட்டினான், கட்டுப்போட்ட கையோடு.

மார்ச் 9

புயலில் பிழைத்தவைதான். தூளிலிருந்த செம்பில் பெரும்பகுதி கரைந்து, குடுவைத் தண்ணீர் நீலப்பச்சையாகிவிட்டது. மேடம் முடிவைத் திரும்பத் திரும்பப் படித்தார். "தலைப்பு இதேதான்" என்றார்.

ஜூன் 17

போன வாரம் அண்ணன் கடையில் பாக்டீரியாவும் போர்டுத் தூளும் போட்டு ஒரு டிரம் வைத்துக் கொடுத்து வந்தேன், காற்றடிக்க மீன்தொட்டி மோட்டாரோடு. ஆசிட் வேலையை இன்னும் முழுசாக விடவில்லை அவன். இன்று காலை போன்.

"வெண்மதி, தண்ணி பச்சையும் நீலமுமா ஆவுது. இதுங்களுக்குத் தீனி ஏதாவது போடணுமா? பசியில கெடக்கப் போவுதுங்க."