விதை மணிலாவும் எட்டுக் கிரகமும்

9-1-1962, செவ்வாய்

என் சைக்கிள் கடையில் இன்று வாடகைக்குப் போனது இரண்டே வண்டி. ஆனால் என் பேச்சைக் கேட்க நூறு பேர் கூடினார்கள். சரி, பத்துப் பேர்.

பிப்ரவரி மூன்று முதல் ஐந்து வரை மகர ராசியில் எட்டுக் கிரகமும் ஒன்றாகக் கூடுகிறது. பேப்பரிலேயே போட்டுவிட்டான். அதனால் என்ன ஆகும் என்று பேப்பர்காரனுக்குத் தெரியுமா? நான் சொன்னேன். புதுச்சேரிக் கடல் எழும்பித் திண்டிவனம் வரை வரும் என்றேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். அந்தக் குஷியில், நம்ம செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை நடுவில் இரண்டாகப் பிளக்கும் என்றும் சொல்லிவிட்டேன். இது எந்தப் பேப்பரிலும் இல்லை. வாயில் வந்தது. பெரிய விஷயங்கள் அப்படித்தான் வரும்.

'எட்டாங்கிளாஸ் பெயில் ஆதிமூலம்' என்று சொன்ன வாயெல்லாம் இன்று 'அண்ணே, உக்காருங்க' என்கிறது.

18-1-1962

வல்லத்தில் தங்கை சுந்தராம்பாள் வீட்டுக்குப் போனேன். விதை மணிலாக்கொட்டை, அதான் வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார்கள். இதை மிஷினில் உடைக்கக் கூடாது, பருப்பின் தோல் கிழியும். விரலால்தான் உடைக்க வேண்டும். உடைத்த பிறகு அதிக நாள் வைக்கவும் கூடாது, முளைக்காது. நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி ஏர் ஓட்டித் தயாராக வைத்திருக்கிறார் அவள் புருஷன் செல்லப்பன்.

"இன்னா மச்சான், மலை ஒடயுதாமே?" என்றார். நான் வந்தால் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிற மனுஷன், இன்று எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். விடுவேனா? ராசிக் கட்டத்தைத் தரையில் கரியால் போட்டே காட்டினேன்.

"அப்போ வெத போடலாமா, வேணாமா?"

"போடறது இருக்கட்டும் மாப்ள, புடுங்க ஆள் இருக்கணுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரா மட்டும் சிரிக்கவில்லை. உடைத்துக்கொண்டிருந்த காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

24-1-1962

திண்டிவனம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் சொல்கிறான்: "செஞ்சில மலை பொளக்கப் போவுதாம் சார். உள்ளேர்ந்து கறுப்புத் தண்ணி வருமாம். பட்டணத்துலயே பேசிக்கிறாங்க."

மலை நான் சொன்னது. கறுப்புத் தண்ணீர் நான் சொல்லவே இல்லையே! அப்படியானால் வேறு யாருக்கோ வேறு வழியாகவும் தெரிந்திருக்கிறது. என் வாயில் அது சும்மா வரவில்லையோ?

வீட்டில் பெண்டாட்டி மீனம்பாளிடம் சொன்னேன். "நீ கெளப்பி வுட்டது ஊரச் சுத்தி ஒன்கிட்டயே வந்திருக்குதுய்யா. சோத்தத் துன்னு" என்றாள். பொம்பளைக்கு என்ன தெரியும்? பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

27-1-1962

தொண்டூர் விமலநாதன் கடைக்கு வந்தார். நயினார் வீட்டுக்காரர், ஜைனர், மணிலா வியாபாரி, நிலமும் உண்டு. விதைத்து முடித்துவிட்டாராம். "தைரியந்தான்" என்றேன். சிரித்தார்.

"எங்க சாஸ்திரத்துல ஒலகத்துக்கு ஆரம்பமும் கெடையாது, முடிவும் கெடையாது ஆதிமூலம். பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்ரணும், அது ஒண்ணுதான் எங்களுக்கு அவசரம்."

நான் பதிலுக்கு நூறு சொல்லியிருப்பேன். திரும்பி ஒரு டயருக்குக் காற்றடித்தேன். அவர் சொல்வது சரியாக இருந்தால் என் பெயர் என்ன ஆகும்? நான் சொல்வது சரியாக இருந்தால்? இரண்டும் பயமாக இருக்கிறது.

1-2-1962

சுந்தரா வந்தாள். கையில் தூக்கு. தூக்கு நிறைய மணிலா உருண்டை.

"வெதைக்கு வெச்சிருந்ததாண்ணே. கொஞ்சம் செக்குல ஆட்டிக் கோயில் வெளக்குக்கு எண்ணெ குடுத்துட்டோம். மீதிய வறுத்து வெல்லம் போட்டுப் புடிச்சிட்டேன். புள்ளைங்களாவது வவுறு ரொம்பத் தின்னட்டும்னாரு எங்க ஊட்டுக்காரரு. எங்கண்ணன் சொன்னா காரணம் இருக்கும்னு நானுந்தான் சொன்னேன்."

போகும்போது, "நீயும் அண்ணியும் ஒண்டியா கெடக்காதீங்க. மூணாந்தேதியே வந்துருங்க. எதுவா இருந்தாலும் ஒண்ணா இருந்துக்கலாம்" என்றாள்.

உருண்டை நல்ல ருசி. ஒன்றுதான் தின்றேன். மீதியை மூடி உறியில் வைத்துவிட்டேன். அடிப் பாவி, நான் சொன்னதை இதுவரைக்கும் யார் கேட்டிருக்கிறார்கள், நீ கேட்கிறதுக்கு?

3-2-1962

சூரியன் உதித்தது. வழக்கமான இடத்தில்தான்.

4-2-1962, தை அமாவாசை

வல்லத்தில். கோயிலில் பஜனை. செல்லப்பன் மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார், கட்டுத்தறியில் சாகக் கூடாதாம். சுந்தராவின் சின்னவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

ராஜகிரி இருக்கிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவே கை கூசுகிறது. ஒரு கல்லாவது உருண்டால் தேவலை என்று நினைத்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

6-2-1962

ஒன்றும் ஆகவில்லை.

கடைத்தெருவில், "நாம பண்ண பஜனைதான்யா நிறுத்திச்சு" என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் கும்பிட்டார். எவ்வளவு லேசாகத் தப்பித்துவிட்டேன்! டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

11-2-1962

வல்லம். அக்கம்பக்கத்துக் கொல்லையெல்லாம் மணிலா முளைத்துப் பச்சென்று நிற்கிறது. நடுவில் செல்லப்பனுடையது மட்டும் வெறும் மண், காய்ந்து வெடித்துக் கிடக்கிறது.

சுந்தரா சொன்னாள்: "நீதான் ஒலகத்தக் காப்பாத்துனியாமே, செஞ்சியே பேசிக்கிது. எங்க கொல்லைய மட்டும் இன்னாத்துக்குண்ணே வுட்டுட்ட?"

செல்லப்பன் திட்டவில்லை. மச்சான் என்றும் கூப்பிடவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

15-2-1962

விமலநாதனிடம் விதைக்காய் இரண்டு மூட்டை மிச்சம் இருந்தது. என்ன சொல்லிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். சுருக்கமாகத்தான் கேட்டேன், என் வாழ்நாளில் முதல் தடவை. மண்டியில் ஆள் வைத்து மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டார். கடையில் இருந்த ஒரே புது சைக்கிளைக் கொண்டுபோய் அவர் வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். விலையென்று அவர் எதுவும் கேட்கவில்லை.

19-2-1962

நாலு நாளாக வல்லத்தில்தான். செல்லப்பன் மறுபடி கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார். நாங்கள் காய் உடைக்கிறோம். கட்டைவிரல் தோல் உரிந்து எரிகிறது. மைக் கட்டிய எலெக்‌ஷன் கார் வந்து கத்திவிட்டுப் போனது. தெருவில் ஒருவன் எட்டிப்பார்த்து, "ஆதிமூலண்ணே, எவன் கெலிப்பான்? கட்டம் போட்டுச் சொல்லேன்" என்றான். குனிந்து உடைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டம் தப்பிய விதைப்பு. கடைசித் தண்ணீருக்குக் கிணற்றில் ஊற்று நிற்க வேண்டும்.

"சித்திர தாண்டி கெணறு தாங்குமாண்ணே?" என்று சுந்தரா கேட்டாள்.

கிரகம், மேகம், போன வருஷம் நான் பார்த்த நீரோட்டம் — எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. செல்லப்பன்கூட வாசலில் நின்று என் வாயையே பார்த்தார்.

"தெரியலம்மா" என்றேன்.

அவள் மூட்டையிலிருந்து இன்னும் ஒரு முறம் காயை அள்ளி என் முன்னால் கொட்டினாள்.