வாயசைத்தவனுக்குப் பொன்னாடை

என் பாட்டுக்கார அக்கா ராசாத்திக்கு,

உயிரோடு இருந்தவரை உன்னை யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டு என்ன, அங்கே உனக்குக் கேட்கிறதா?

நேற்று சாயங்காலம் நம் தெருவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ பாடியதற்கு.

பங்குனித் திருவிழாவுக்குப் பழைய பாட்டுக் கச்சேரி வைத்தார்கள் அக்கா. நம்மைப் பெற்ற அய்யா வாலிபத்தில் கேட்ட சினிமாப் பாட்டுகள், நாம் மேடை போட்ட காலத்திலேயே பழசாகிப்போன அதே பாட்டுகள். வண்டியூரிலிருந்து தெப்பக்குளக் கரையோரமாக நடந்தே வந்திருந்தது கூட்டம். மேடையும் அதே இடம்தான், நம் வீட்டுச் சுவரை ஒட்டி.

அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். நம் தெருக் குழுவில் பெண் குரலுக்கு ஆள் இல்லை. உன்னிடம் குரல் இருந்தது. "பொம்பளப்புள்ள மேடையேறி நின்னா நாளைக்கு எவன்டா கட்டுவான்?" என்று குதித்தார் அய்யா. ஆனால் கச்சேரியும் நடந்தாக வேண்டும் அவருக்கு, விழாக் கமிட்டியில் பெரிய மனுஷன் அல்லவா! கடைசியில் அவரே வழியும் சொன்னார். மைக்செட்டு முருகேசண்ணன் சன்னல் வழியாக ஒரு மைக்கை உள்ளே விட்டார். நீ நெல் மூட்டைமேல் உட்கார்ந்து பாடினாய். நான் மேடையில், கரண்ட் இல்லாத மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாயசைத்தேன். என் குதிகால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினால் நீ தொடங்க வேண்டும்.

ஆம்பளை பொம்பளைக் குரலில் பாடுகிறான் என்று ஊரே வாயைப் பிளந்தது. ஒருமுறை சரணத்தின் நடுவில் உனக்குத் தும்மல் வந்துவிட்டது. நான் திருதிருவென்று விழித்து, கொஞ்சம் கழித்துத் தும்மினேன். "ஏன்டா, ஒரு தும்மலக்கூட ஒழுங்காத் தும்மத் தெரியல, நீயெல்லாம் பாட்டுக்காரன்!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு எனக்கு மாலை போட்டார்கள். அதைக் கழற்றி உன் கையில் கொடுத்தேனா? இல்லையே. ஆணியில் மாட்டி, அது வாடும்வரை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு, "ஏன்டா இப்பப் பாட மாட்டேங்குற?" என்று கேட்டவர்களிடமெல்லாம், அக்கா போன ஏக்கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது என்று கதை விட்டேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கும் வசதியாக இருந்தது.

அங்கே நீ அடுப்படியில் முணுமுணுத்ததற்கே, "இது என்ன கூத்தாடி வீடா?" என்று உன் மாமியார் கேட்டாளாம். அத்தோடு நீ நிறுத்திக்கொண்டாய். போன ஆடியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக் கேட்டாய்: "டேய் செல்வம், ஒரே ஒரு தடவ மைக்குல எம்பேரச் சொல்லீருடா. பாடுனது ராசாத்தின்னு." சொல்கிறேன் என்றேன். அதற்காகத்தான் நேற்று மேடையேறினேன்.

பொன்னாடை போர்த்தி முடித்ததும், "செல்வண்ணே அந்தக் குரல்ல ஒரு பாட்டுப் பாடணும்!" என்றான் அறிவிப்பாளன். நல்லதாகப் போயிற்று, என் லட்சணத்தை இவர்களே கேட்கட்டும் என்று மைக்கைப் பிடித்தேன். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. பாழாய்ப்போன குதிகால், தானாகவே சுவரில் இரண்டு தட்டுத் தட்டியது. உள்ளே யார் இருக்கிறார்கள், பாட?

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி வந்தது என் குரல். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா மேல அம்புட்டுப் பாசம்! அன்னிக்குப் போன தொண்டைதான், பாவம்" என்றாள். நான் விட்ட கதை எனக்கே வந்து சேர்ந்தது.

"பாடுனது நான் இல்லய்யா! எங்கக்கா..." என்று கத்தினேன். உன் பெயரை எடுக்கும்போது மைக் செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், முருகேசண்ணனின் கை ஆம்ப்ளிபயர் திருகின்மேல் இருந்தது. விஷயம் தெரிந்தவர்களில் என்னைத் தவிர மிச்சமிருக்கிற ஒரே ஆள் அவர்.

இறங்கிப் போய், "ஏண்ணே இப்படிச் செஞ்சீக?" என்று சட்டையைப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "மாப்ள, அந்தப் புள்ள நல்லபடியாப் போய்ச் சேந்துருச்சு. குடும்பத்துப் பொண்ணு பேர எதுக்கு மைக்குல இழுக்குற? அதுக்கு ஒரு மக இருக்குல்ல. நாளைக்கு அத எவன் கட்டுவான்?"

அய்யா செத்து ஆறு வருஷமாகிறது அக்கா. அவர் கேள்வி மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது. நானும் பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதுசா என்ன?

இன்று காலை பஸ் ஏறி உசிலம்பட்டி போனேன். பொன்னாடையை உன் மகள் மடியில் வைத்து, "இது உங்கம்மாவுக்குப் போட்டதும்மா. அவ பாட்டுக்கு" என்றேன். பதினோரு வயசுப் பிள்ளை. சரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மாவுக்குப் பாட்டு வருமா மாமா?"

பெற்ற பிள்ளைக்குக்கூடத் தெரியாமல் உன்னை அடக்கிவிட்டோமே அக்கா, பாவிகள்!

இந்தக் கடிதத்தை நம் தெரு வாசகசாலைப் பலகையில் ஒட்டப்போகிறேன். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். திருகி அணைக்க இதில் ஒன்றும் இல்லை. எவனாவது கிழித்தால் மறுநாள் வேறொன்று எழுதி ஒட்டுவேன். அதையும் கிழித்தால் அதற்கு மறுநாளும் ஒட்டுவேன். மேடையில் நடந்தது வரைக்கும் நேற்று ராத்திரியே எழுதிய முதல் பிரதியை உன் மகளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நான் எழுந்து வரும்போது, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். குரல் உன்னுடையது.

உன் பாட்டுக்கு வாய் மட்டும் அசைத்த தம்பி,
செல்வம்