சொல்லாத தேங்க்ஸ்

ஜூலை 20, ஞாயிறு

இன்று செல்வியின் அம்மாவிடம் தேங்க்ஸ் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

பினாங்கிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சிற்பம் படிக்க வந்த எனக்கு வகுப்பில் ஒரே தோழி செல்விதான். கருங்குழியில் அவள் வீட்டில் சாப்பிடும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் தேங்க்ஸ் சொல்வேன். போன வாரம் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாமே, நான் ஓட்டலா வச்சிகினு கீறேன்? செல்வி இப்டியா சொல்றா?"

கடைசிவரை விருந்தாளியாகவே நின்றுவிடுவேனோ என்று வாரம் முழுக்கப் பயந்தேன்.

இன்று நானே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் மீன் குழம்பும்மா" என்றேன்.

"பார்றா, வாயத் தொறந்து கேக்குது!" என்று செல்வி சிரித்தாள். அம்மா குழம்பை ஊற்றினார்.

சாயங்காலம் வானம் இருட்டியது. அம்மா என்னைப் பார்த்து, "ஏய், சும்மாதான குந்திகினு கீற? மாடில துணியெல்லாம் எடுத்தா" என்றார்.

எல்லோருடைய துணிகளையும் எடுத்து வந்து மடித்து வைத்தேன்.